ஒரு வண்டி கூடுதல்

அலமாரியில் ஒரு வண்டி கூடியிருந்தது.

குறைந்திருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். கத்தியிருப்பார், கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடியிருப்பார், யாரையாவது பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பார். காணாமல் போனதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தானாக வந்து நிற்பதற்கு என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காலை, தூசி தட்டும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவர் மறுபடி எண்ணினார். நாலு தட்டு, தட்டுக்குப் பத்து. மூன்றாவது தட்டில் மட்டும் பதினொன்று.

பச்சை நிறம். முன்பக்கம் மழுங்கிய பழைய மாடல். பின்னால் சின்னதாக ஒரு கிரேன், அதில் தொங்கும் கொக்கி. பெயின்ட் புத்தம் புதிதாக மினுமினுத்தது.

"நான் வாங்கலையே," என்றார் அலமாரியைப் பார்த்து.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை இதற்கு முன் பதினாலு தடவை மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பதினாலு தடவையும் பொய்.

அவர் மோட்டார் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெயிம் அதிகாரி. நசுங்கிய கார்களின் போட்டோவை உற்றுப் பார்த்து, இந்த நசுங்கல் நிஜமா, இல்லை நடிக்கிறதா என்று சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருட சர்வீசில் அந்தச் சந்தேகம் உடம்போடு ஒட்டிப்போய்விட்டது. யாராவது வணக்கம் சொன்னால்கூட, எதற்காகச் சொல்கிறான் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் வணக்கம் வைப்பார்.

அவர் சந்தேகப்படாத ஒன்று உண்டென்றால் அது ரெக்கவரி வண்டி. நடுரோட்டில் படுத்துவிட்ட காரைக் கொக்கி போட்டு இழுத்துப் போகுமே, அந்த வண்டி. அதிலும் ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தியவை. கையால் சுற்றுகிற சங்கிலியும் முட்டைக்கண் விளக்குமாக இருக்கும். அவற்றை அசலில் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி செய்து விற்கிறார்கள். மற்றவர்கள் ரேஸ் கார் சேர்த்தார்கள். இவர் இதைச் சேர்த்தார். விபத்து நடந்த இடத்துக்கு வருகிறவர்களில், தப்பு யார் பேரில் என்று கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது இது ஒன்றுதான் என்பது அவர் கட்சி. யாராவது பொம்மை என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிவிடும்.

வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். முதலில் வீட்டில் இடம் போனது, அப்புறம் நம்பிக்கை போனது. புதிதாக வந்ததைக் குடைக்குள், பூட்ஸுக்குள், வாஷிங் மெஷினுக்குள் என்று ஒளித்து வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து அலமாரியில் ஏற்றுவார். மனைவி கேட்டால், "இது பழசு, நீதான் கவனிக்கல" என்பார். ரொம்ப நெருக்கினால், "எப்படி வந்துச்சுன்னே தெரியலயே" என்பார்.

ஒரு நாள் வாஷிங் மெஷின் கடகடவென்று இரைந்துவிட்டு நின்றது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"ஏம்மா, மெஷின் நின்னுடும்னு முன்கூட்டியே ரெக்கவரி வண்டிய உள்ள அனுப்பி வெச்சிட்டீங்களா?"

மெக்கானிக் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் முன்னால், மாமனார் சாட்சியாக, அலமாரிக் கதவில் கை வைத்து அவர் சத்தியம் செய்தார்.

"மொத்தம் நாப்பத்தொண்ணு இருக்கு. இதோட நிறுத்திக்கறேன்."

"நாப்பத்திரண்டாவது ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, அலமாரியோட எல்லாம் போயிடும். பழைய சாமான் எடுக்கறவரைக் கூப்பிட்டு நானே தூக்கிக் குடுத்துடுவேன். அந்த ரூம்ல என் தையல் மிஷினாவது நிம்மதியா நிக்கும்."

"சரிம்மா."

"வண்டி வாங்கறது கூடப் பரவாயில்லீங்க. என்கிட்ட பொய் சொல்றீங்க பாருங்க, அது..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். அந்த முடிக்காத பேச்சுதான் அவரைச் சுட்டது. அவமானமாக இருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற கோர்ட் கிளார்க். "தேதி போட்டுக்கலாமா, மாப்பிள்ளை?" என்று கேட்டு, டைரியில் சத்தியத்தைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மனைவி அந்த அறையைக் கழுவித் துடைத்து, அலமாரியைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்து, காலி அட்டைப் பெட்டிகளைக் கட்டுக் கட்டாகக் குப்பைக்கு அனுப்பினாள். அதே நாள் காலையில், அவள் துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அவர் ஒரு காரியம் செய்திருந்தார். முதன்முதலில் வாங்கிய பழைய பச்சை வண்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போய் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். பக்கக் கண்ணாடி ஒடிந்த, கொக்கி பழுப்பேறிய வண்டி. இனி வாங்க முடியாது என்று ஆனபின், ஒன்றாவது கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வேலை ஓடாது என்று தோன்றியது.

வீட்டுக்குள் வண்டி வரக் கூடாது என்றுதான் சத்தியம். வெளியே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டே எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் ஒளித்தே பழகிய கை. உள்ளே கொண்டுவர எப்படிப் பதுங்கினாரோ, வெளியே கொண்டுபோகவும் அப்படியே பதுங்கினார். மிச்சத்தை நகர்த்தி இடைவெளி தெரியாமலும் பார்த்துக்கொண்டார்.

சத்தியத்தை மட்டும் நிஜமாகவே காப்பாற்றினார். கடை இருக்கும் தெருப் பக்கம்கூடப் போகவில்லை. அப்படியிருக்கும்போதுதான், பன்னிரண்டாம் நாள், இந்தப் பளபளப் பச்சை.

"என்னங்க, இவ்வளவு நேரமா அங்க என்ன பண்றீங்க?" மனைவி வாசலில் நின்றாள்.

அவர் வண்டியைத் துடைக்கும் துணிக்குள் சுருட்டினார். "தூசி தட்டறேன்."

"எல்லாம்... சரியா இருக்கா?"

"சரியாத்தானே இருக்கும்? ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டேன்! கிளெயிம் அதிகாரியின் மூக்கில் வேர்த்தது. சும்மா கேட்கிறவர்களை அவர் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறார். ஒருத்தர்கூடச் சும்மா கேட்டதில்லை.

உட்கார்ந்து யோசித்தார். வண்டி ஒன்று கூடினால் யாருக்கு லாபம்? அலமாரி காலியானால் யாருடைய தையல் மிஷினுக்கு இடம் கிடைக்கும்? தானே ஒரு வண்டியை வாங்கி வைத்துவிட்டு, 'சத்தியத்தை மீறிட்டீங்களே' என்று கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டமா? பத்து வருடத்துக்கு முன் இப்படித்தான் ஒருத்தர் தன் காரைத் தானே சுவரில் மோதிவிட்டு வந்து அழுதார்.

நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் என்னவென்று கேட்பது? 'எப்படி வந்துச்சுன்னே தெரியல' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அது நிஜம். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தால் அது பதினைந்தாவது பொய்.

குப்பையில் போடவும் மனசு வரவில்லை. ரெக்கவரி வண்டியைக் குப்பையில் போடுகிறவன் மனுஷனா? மறுநாள் சாப்பாட்டுப் பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய், பழைய பச்சைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். விஷயம் முடிந்தது என்று டிராயரை மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தட்டில் மறுபடி பதினொன்று.

இதுவும் பச்சை. ஆனால் முந்தினதைவிடக் கொஞ்சம் அழுக்குப் பச்சை. ஆபீசுக்குக் கொண்டுபோய் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். முதலில் வந்ததன் கொக்கி வெள்ளி நிறம். இதன் கொக்கி பழுப்பு. அவருடைய பழைய வண்டியில் இருக்கிற அதே பழுப்பு.

யாரோ தப்பைத் திருத்திக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வாரம் தட்டு முழுக்க டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தார். யார் கை வைத்தாலும் விரல் பதியும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து போய்ப் பார்த்தால் தட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் மேல் மூன்றாவது பச்சை நின்றது.

"அலமாரியில யாரோ பவுடரைக் கொட்டி வெச்சிருந்தாங்க," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "நான்தான் நல்லாத் தொடச்சு விட்டேன்."

"தொடச்சியா! எப்ப?"

"ஏங்க, தொடக்கக் கூடாதா?" அவள் குரல் நடுங்கியது. "நான் தொடச்சா ஏதாவது... தொலைஞ்சு போயிடும்னு பயமா?"

"நான் அப்படிச் சொன்னேனா? எதுவும் தொலையல! ஒண்ணுகூடத் தொலையல!"

அவள் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கிவிட்டு உள்ளே போனாள். கண் ஏன் கலங்கியிருக்கிறது? பவுடர் பட்டிருக்கும் என்று எழுதிக்கொண்டார். ஆம், இப்போதெல்லாம் அவர் எழுத ஆரம்பித்திருந்தார். மாமனார் வைத்திருப்பதைப் போல ஒரு டைரி வாங்கி, ஆபீசில் சர்வேயர் ரிப்போர்ட் எழுதுவதைப் போல எழுதினார். 'நபர் ஒன்று: குரல் நடுக்கம். காரணம் தெரியவில்லை.'

நபர் இரண்டு மாமனார். மனிதர் ஒரு மாதமாகச் சாயங்காலம் நடக்கப் போகிறார். பதினெட்டு வருடமாக நாற்காலியை விட்டு நகராதவருக்குத் திடீரென்று என்ன நடை? கூடவே மகளும் போகிறாள். திரும்பி வரும்போது கையில் மெடிக்கல் ஷாப் கவர்.

"என்ன மாமா, உடம்புக்கு முடியலயா?"

"கால் வலிக்கு மாத்திரை, மாப்பிள்ளை."

"கால் வலிச்சா எதுக்கு நடக்கறீங்க?"

"நடக்கறதாலதானே வலிக்குது," என்றார் மாமனார், கோர்ட்டில் பழகிய நிதானத்தோடு. பிறகு பையில் கை விட்டு, "இந்தாங்க உங்க இடுக்கி. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவுக்கு எடுத்தேன்," என்று நீட்டினார்.

அவர் இடுக்கியையும் குறித்துக்கொண்டார்.

பவுடருக்கு அடுத்தது பூட்டு. அலமாரிக்குப் பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி பூட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பூட்டு எதுக்குங்க?"

"தூசி."

"தூசிக்குப் பூட்டா?" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மனசுல என்ன இருக்கோ அதை வாயத் திறந்து சொல்லிடலாம்ல? ரெண்டு வார்த்தை திட்டக்கூட மாட்டேங்கறீங்களே!"

"எதுக்குத் திட்டணும்?"

"சரி, விடுங்க!"

திட்டச் சொல்கிறாள்! சண்டையை ஆரம்பித்து வைக்கப் பார்க்கிறாள், பேச்சு வளர்ந்தால் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்வாள், எண்ணுவாள், ஒன்று எங்கே என்பாள், பேச்சு ஆபீஸ் டிராயர் வரை போகும், மாட்டிக்கொள்வார். மாட்டவே கூடாது. வாயைப் பூட்டுக்கும் மேலாகப் பூட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார். உள்ளே நான்காவது பச்சை.

பூட்டு வாங்கினால் சாவி இரண்டு கொடுப்பார்கள் என்பதும், இன்னொன்றை அட்டையோடு சாப்பாட்டு மேஜையிலேயே விட்டுவிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் அவரை உலுக்கியது அது இல்லை. புது வண்டிதான். ஆனால் அதன் பக்கக் கண்ணாடி ஒடிந்திருந்தது. தானாக ஒடிந்ததில்லை. யாரோ வேண்டுமென்றே முறித்திருந்தார்கள். அவருடைய பழைய பச்சையில் எந்தப் பக்கம் ஒடிந்திருந்ததோ, அதே பக்கம்.

இது மிரட்டல் என்று தீர்மானித்தார். 'உன் பழைய பச்சையைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்று யாரோ சொல்கிறார்கள். ஐந்தாவது வாரம் வந்ததில் கதவோரம் பெயின்ட்கூடச் சுரண்டப்பட்டிருந்தது. பழைய பச்சையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றாலும் முடியவில்லை. அவர் நினைக்கிற வாரமெல்லாம் அதன் இடத்தில் வேறொன்று வந்து நின்றுவிடுகிறது. ஆக, ஆபீஸ் டிராயரில் இப்போது ஆறு.

டிராயர் மூட மறுத்தது.

அந்த வாரச் சனிக்கிழமை காலையில்தான் அந்த ரெக்கவரி ஆள் வந்தார். நிஜமான ரெக்கவரி வண்டி நாலு வைத்து ஓட்டுகிறவர். ஆபீசில் எல்லாரும் 'கொக்கி' என்றுதான் சொல்வார்கள். விபத்து வண்டிகளை இழுத்ததற்கான அவருடைய பில் ஒன்று, அதிகாரியின் சந்தேகத்தால் மூன்று மாதமாக மேஜையில் தூங்கியது.

"சார், நம்ம பில்லு..." என்று குனிந்த கொக்கி, பாதி திறந்த டிராயரைப் பார்த்தார். அப்படியே நெகிழ்ந்துபோனார். "அடேயப்பா! எங்க அப்பா ஓட்டின வண்டி சார் இது! நம்ம தொழிலையே டிராயருக்குள்ள வெச்சுப் பூஜை பண்றீங்களே! இந்த ஆபீஸ்ல எங்க மேல பாசம் உள்ள ஒரே மனுஷன் நீங்கதான் சார்!"

கொக்கிக்கு மெதுவாகப் பேச வராது. ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று பேசியே பழகிய தொண்டை. கண்ணாடி அறைக்குள்ளிருந்த மேனேஜர் தலையை நிமிர்த்தினார்.

கொக்கி போன கையோடு கூப்பிட்டனுப்பினார் மேனேஜர். கண்டிப்பான அம்மா. ரெக்கவரி ஆட்களிடமிருந்து ஒரு பேனாகூட வாங்கக் கூடாது என்று சுவரில் ஒட்டி வைத்திருப்பவர். ஆறு வண்டிகளும் அவர் மேஜையில் அணிவகுத்து நின்றன.

"யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல மேடம்."

"அப்ப நீங்க வாங்கினதா?"

"ஒண்ணு நான் வாங்கினது. மிச்சம் அஞ்சும் நான் வாங்கல."

"அப்ப யார் வாங்கினாங்க?"

"தெரியல மேடம். எப்படி வந்துச்சுன்னே தெரியல."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், நீங்க இத்தனை வருஷமா எத்தனை பேரோட கிளெயிமை நிராகரிச்சிருக்கீங்க. யாராவது உங்ககிட்ட வந்து இப்படி ஒரு பதில் சொன்னா என்ன எழுதுவீங்க?"

அவர் திருதிருவென விழித்தார். என்ன எழுதுவார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சிவப்பு மையில் எழுதுவார்.

"நம்பறேன், நம்பலைங்கறது வேற. திங்கக்கிழமைக்குள்ள இதுக்குக் கடை பில் வரணும். இல்லேன்னா இது எங்க வீட்டு வண்டிதான்னு உங்க வீட்டம்மா கையெழுத்துப் போட்ட லெட்டர் வரணும். ரெண்டும் வரலேன்னா மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும். வேலைக்கே ஆபத்து. இப்ப இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

சனிக்கிழமை அரை நாள். அவர் ஆறு வண்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு, ஏழு வாரமாகத் திரும்பிப் பார்க்காத அந்தக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் மாடல் வாங்குகிற அத்தனை பேரும் வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிறவர்கள். ஆகவே கடை பெயர் போட்ட கவரே அவர் அச்சடித்ததில்லை. ஒருத்தருக்குப் பூக்கடைக் கவர், ஒருத்தருக்குப் பேக்கரிக் கவர் என்று ஆளுக்கேற்ற கவரில் போட்டுத் தருவார். நம் அதிகாரிக்கு எப்போதும் ஸ்டேஷனரிக் கடைக் கவர்.

"வாங்க வாங்க! ஆளையே காணோமே, என்ன ஆச்சு?"

"சத்தியம் பண்ணிட்டேன்."

"அடடா!" கடைக்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அதிகாரி ஐந்து வண்டிகளை எடுத்து வைத்தார். "இதெல்லாம் உங்க கடையில வாங்கினதா?"

"நம்ம சரக்குதான். ஆனா பெயின்ட்டை இப்படிச் சுரண்டினது நான் இல்ல."

"யார் வாங்கினாங்க?"

கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். "சார், போன வருஷம் உங்க வீட்டம்மா இங்க வந்து, எங்க வீட்டுக்காரர் இதுவரைக்கும் எத்தனை வாங்கியிருக்காருன்னு கேட்டாங்க. நான் சொன்னேனா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா நீங்க இப்ப இப்படி முழுசா வந்து நின்னிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"உங்களுக்குக் குடுத்த மரியாதையைத்தானே மத்தவங்களுக்கும் குடுக்கணும்?"

"என் வேலை போயிடும்யா! ஒரு பில்லாவது குடுங்க!"

"அஞ்சுக்கும் பில் போட்டுக் குடுத்தாச்சே! இந்தக் கடை வரலாற்றுலயே கேட்டு பில் வாங்கினது அவங்கதான். அவங்ககிட்ட இருக்கும், வாங்கிக்குங்க." கடைக்காரருக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ரொம்ப விடாப்பிடியான ஆளுங்க. 'இது அதே மாதிரி இல்ல, இன்னும் பழசா, இன்னும் பச்சையா'ன்னு வாரா வாரம் வந்து நிக்கறாங்க."

அதே மாதிரி! எதன் மாதிரி? அதிகாரி வண்டிகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு நடக்கிற வழியில் யாரோ பின்னால் வருவதாகத் தோன்றி மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்று தடவையும் யாருமில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

தெருமுனையில் நின்று யோசித்தார். வேலை போகக் கூடாது என்றால் மனைவியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால் வண்டிகளைக் காட்ட வேண்டும். காட்டினால் அலமாரி போகும். போகட்டும். ஆனால் என்ன சொல்லிக் காட்டுவது? நிஜத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மேனேஜரே நம்பவில்லை. அந்த வீட்டில் அவர் சொல்லி உடனே நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 'நான்தான் வாங்கினேன்.' அதைத்தான் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, பிடிபடுவதற்கு முன்பே தானாகப் போய் ஒப்புக்கொள்ளப் போகிறார். அதுவும் செய்யாத தப்பை. அழுகை வரும் போலிருந்தது.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் பையைக் கவிழ்த்து, வெட்டிய துணிகளுக்கு நடுவில் ஆறு பச்சை வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினார்.

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"என்னை மன்னிச்சிடு," என்றார். "சத்தியத்தை மீறிட்டேன். இதுல அஞ்சை நான்தான் வாங்கினேன்."

மனைவியின் பார்வை வண்டிகள் மேலேயே இருந்தது.

"அலமாரியை எடுத்துக்க. பழைய சாமான்காரரைக் கூப்பிடு. உன் மிஷினை அங்க போட்டுக்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா ஆபீஸ்ல இதை லஞ்சம்னு நினைக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பில் வேணுமாம். பில் என்கிட்ட இல்ல. இது நம்ம வீட்டு வண்டிதான்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும். இல்லேன்னா வேலை போயிடும்."

அவள் அவர் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற பழைய பச்சையை மெல்ல எடுத்தாள். பழுப்பேறிய கொக்கியைத் தடவினாள். ஒடிந்த பக்கக் கண்ணாடியைத் தொட்டாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"ஆபீஸ்ல. என் டிராயர்ல."

"எப்பத்துல இருந்து?"

"சத்தியம் பண்ணின மறுநாள்ல இருந்து. காலையிலயே எடுத்துட்டுப் போயிட்டேன்."

"நான் அலமாரியைத் தொடக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. ஏன்?"

அவள் மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில், பெயின்ட் சுரண்டிய வண்டியில் விரல் நின்றது.

"இந்த அஞ்சையும் நீங்கதான் வாங்கினீங்க?"

"நான்தான்," என்றார் அவர், நெஞ்சில் கை வைத்து. "என்மேல ஆணையா நான்தான் வாங்கினேன்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அது கோபமா, அழுகையா, சிரிப்பா என்று இருபத்திரண்டு வருட சர்வீசாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். டைரியைத் திறந்து, க்ளிப் போட்டு வைத்திருந்த ஐந்து காகிதங்களை உருவி, வண்டிக்கு ஒன்றாகத் தேதி வாரியாக முன்னால் வைத்தார்.

"இந்தாங்க உங்க ஆபீஸ் கேட்ட பில்லு, மாப்பிள்ளை, தொடக்கும்போது பழைய பச்சையை அட்டைப் பெட்டியோட குப்பையில கொட்டிட்டோம்னு பயந்து நடுங்கின என் பொண்ணு பேர்லதான் அஞ்சும் இருக்கு, ஒவ்வொண்ணா நீங்க எடுத்துட்டுப் போகப் போக, 'இதுவும் அது இல்லன்னு கண்டுபிடிச்சிட்டாருப்பா, ஒரு வார்த்தை திட்டாம தூக்கிப் போட்டுட்டாரு'ன்னு அழுது அழுதுதான் என்னையும் இழுத்துக்கிட்டு அடுத்ததை வாங்கப் போனா!"